வண்டி ஏறும் நாள் விரதம்

என் மனைவியின் இடது காலில் இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள். செருப்பு வார் அறுத்த சிறு புண்தான். சர்க்கரை நோயால் மரத்துப்போன கால் என்பதால் அவளுக்கு வலிக்கவில்லை. வலிக்காததால் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். விரல் எடுத்த இடம் ஆறினால் பாதம் தங்கும், ஆறாவிட்டால் கணுக்காலுக்கு மேலே வெட்ட வேண்டியிருக்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்ற வேண்டும், செத்த சதையை அவரே பார்த்து எடுக்க வேண்டும், பக்கத்துக் கிளினிக்கில் செய்துகொள்ளக் கூடாது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை.

நாங்கள் இருப்பது எண்ணூரில். ஆஸ்பத்திரி ராயபுரத்தில். நடுவே இருக்கும் சாலையில் பாதியைத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரிகள் எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் நகர்வதும் நிற்பதுமாகப் போக வேண்டும். ரயில் உண்டு, ஆனால் அந்தக் காலை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் ஏற முடியாது. மெட்ரோ என்றால் இரண்டு முனையிலும் ஆட்டோ மாற வேண்டும். தெருமுனையில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இறக்கிவிடும் நான்கு சக்கர ஷேர் ஆட்டோதான் எங்களுக்குத் தோது. அதன் டிரைவர் எங்கள் தெருக்காரர், நாற்பது வயது இருக்கும், வாய் ஓயாதவர்.

அந்த வண்டியில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு என்னுடையது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. முன்னால் யாராவது உட்கார்ந்திருந்தால் டிரைவரே எழுப்பிவிடுவார்.

“எந்திரிப்பா, பெர்சு வருது. அத்த பின்னாடி குந்த வச்சா அப்பால எனுக்குத்தான் பேஜாரு. வண்டிய யாரு கழுவுறது?”

என் மனைவி பின்னால் ஏறி, ஓடும் திசைக்கு முதுகைக் காட்டியிருக்கும் பலகையில் உட்காருவாள். கடைசியாக ஏறுகிறவர்களுக்கு அந்த இடம்தான் மிஞ்சும். என்னை முன்னால் ஏற்றிவிட்டுத்தான் அவள் ஏறுவாள், ஆகவே எப்போதும் கடைசியாக ஏறுகிறவள் அவள்.

எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது என்பது பொய்யாகத் தொடங்கவில்லை. ராயபுரத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, மீஞ்சூரில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போக பஸ் ஏறினால் டோல்கேட் தாண்டுவதற்குள் வாய் ஊறத் தொடங்கும். அந்த எச்சிலின் உவர்ப்பு இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. அது வந்தால் அடுத்தது என்ன என்று உடம்புக்குத் தெரியும். அப்பா என் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டினாற்போல் செய்தித்தாளை மடித்து வைப்பார். அம்மா கையில் எலுமிச்சம்பழம் கொடுப்பாள். இரண்டும் ஒரு நாளும் பலித்ததில்லை. கண்டக்டர்கள் திட்டியதையும், ஒருமுறை எண்ணூர் போகும் வழியில் நடுரோட்டில் இறக்கிவிட்டதையும் மறக்க முடியாது. பிற்பாடு வேதியியல் படித்து, மணலிப் பக்கம் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதன் காரணத்தைப் புத்தகத்தில் வாசித்தேன். காதுக்குள் இருக்கும் திரவம் நீ ஆடுகிறாய் என்று சொல்லும், கண் நீ சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று சொல்லும், இரண்டுக்கும் நடுவே வயிறு மாட்டிக்கொள்ளும். காரணம் தெரிந்ததால் வாந்தி நிற்கவில்லை.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குப் புளியந்தோப்பில் இருந்த அவள் வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். புதுப்பெண் என்று அவளுக்கு ஜன்னலோரம் கொடுத்திருந்தார்கள். பஸ் முழுக்க மல்லிகையும் வியர்வையும் டீசலும். பேசின் பிரிட்ஜ் நெருங்கும்போது என் முகம் வெளுத்ததை அவள் கவனித்திருக்க வேண்டும். “இன்னாங்க, ஜன்னலாண்ட வாங்க” என்று எழுந்தாள். அவ்வளவு நேரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். பின்னாலிருந்து என் நெற்றியை அவள் தாங்கிப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்று ஈரமாக இருந்தது. புதுப்பெண்ணின் பயம் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு எத்தனையோ பயணங்கள். ஜன்னல் எனக்கு, கூட்டம் அவளுக்கு. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் பகுதியில் படகுகள் கரையில் கிடக்கும், தெரு முழுக்க வேன் பிடித்துக் கோயில், குளம், அருவி என்று கிளம்பும். என் குடும்பம் கடலுக்குப் போகும் குடும்பம் அல்ல என்றாலும் தெருவோடு நாங்களும் போவோம். விடியும் முன்னே எழுந்து அவள் அண்டா நிறையப் புளிசாதம் கிளறுவாள். வேனில் எல்லோருக்கும் பரிமாறுவாள், தான் மட்டும் சாப்பிட மாட்டாள்.

“ஏன்க்கா, நீ துன்னல?” என்று யாராவது கேட்டால், “எனுக்கு இன்னிக்கி ஒரு பொழுதும்மா” என்பாள்.

வெள்ளிக்கிழமையோ, செவ்வாயோ, ஆடியோ இல்லாத நாட்களிலும் அவளுக்கு ஒரு பொழுது இருந்தது. வடிவுடையம்மனுக்கு நேர்ந்துகொண்டது என்பாள். விசேஷத்துக்குப் போகும் நாளில், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போன நாளில், ஆலை ஆண்டு விழாவுக்குப் போன நாளில் எல்லாம் பச்சைத் தண்ணீரோடு கிளம்புவாள். வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு வாயில் எதையோ அடக்கியிருப்பாள். ஒருமுறை கேட்டதற்குப் புளி என்றாள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு அடுப்படியில் நின்றபடியே பழைய சோற்றைப் பிசைந்து சாப்பிடுவாள்.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். “உங்க அம்மனுக்கு இட்லி மேல என்ன கோபம்?” என்று பிள்ளைகள் முன்னால் அவளைக் கேலி செய்திருக்கிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். “உங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்பாள்.

இனி என் பக்கத்தைச் சொல்ல வேண்டும்.

என் நோய் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அது போனதை நான் கண்டுகொண்ட நாள் தெரியும். மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம். ஆலை பஸ்ஸில் வழக்கம்போல முன் சீட்டு, ஜன்னலோரம். பக்கத்துச் சீட்டில் யாரோ விட்டுப்போன செய்தித்தாளைக் கையில் எடுத்தேன். பஸ் ஆலை வாசலில் நின்றபோது நிமிர்ந்தேன். வரி விளம்பரம் வரைக்கும் வாசித்து முடித்திருந்தேன். ஓடும் பஸ்ஸில் குனிந்து பொடி எழுத்தை வாசிப்பது என்னைப் போன்றவனுக்கு விஷம். எனக்கு வாய் ஊறவில்லை, தலை சுற்றவில்லை, ஒன்றும் இல்லை. மறுநாளும் வாசித்துப் பார்த்தேன். அடுத்த வாரம் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், எங்கள் தெருக்காரர் ஒருவர் வழியில் கைகாட்டி அந்த பஸ்ஸில் ஏறினார். அவர் தலை படியில் தெரிந்ததும் நான் செய்தித்தாளை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். “ஒடம்பு எப்டி சார் கீது?” என்று அவர் கேட்டார். “பரவாயில்லப்பா, சமாளிக்கிறேன்” என்றேன்.

அதன்பின் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நோயால் எனக்குக் கிடைத்தவற்றை விட மனம் இல்லை. முன் சீட்டு மட்டும் அல்ல. பிடிக்காத கல்யாணம், தூரத்துச் சாவு, மனைவி வீட்டுப் பஞ்சாயத்து எதற்கும் நான் போக வேண்டியதில்லை. “அவருக்கு வண்டி ஆவாது” என்று அவளே எனக்காகச் சொல்லிவிடுவாள். என்னைக் கேட்காமலேயே சொல்வாள். அவள் அம்மா புளியந்தோப்பில், குடிசை மாற்று வாரிய அடுக்ககத்தில், எழுந்திருக்க முடியாமல் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தார்கள். இவள் ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறித் தனியாகப் போனாள். “மாப்ள வர்லியான்னு கேட்டுகினே இருக்குது” என்று வந்து சொல்வாள். குறையாகச் சொல்ல மாட்டாள், சேதியாகச் சொல்வாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பேன். அவர்கள் இறந்த அன்று போனேன். கார் பிடித்து, முன் சீட்டில்.

இப்போது கால் விஷயத்துக்கு வருகிறேன்.

அறுவைக்குப் பிறகு மாத்திரைகளை நான் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். அதற்கு முன் அவளே போட்டுக்கொள்வாள். வண்டி ஏறும் நாட்களில் சாப்பாட்டோடு சர்க்கரை மாத்திரையையும் அவள் விட்டுவிடுவாள் என்பது எனக்குத் தெரியாது. நான் ஆய்வகத்தில் பழகியவன், அளவு தப்பாமல், நேரம் தப்பாமல் கையில் கொடுத்து, விழுங்குகிறாளா என்று நின்று பார்ப்பேன். ஆஸ்பத்திரி நாளில் ஒரு பொழுது என்றாள், கால் ஆறும்வரை அம்மனுக்கு வேண்டுதல் என்றாள். நான் கோபப்பட்டேன். “பாலு குடிச்சிட்டேன், அது போதும்” என்றாள். சாமி ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம், இரண்டு பேரையும் திருப்திப்படுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று என்னைவிடத் தெளிவாகத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் இல்லை.

மூன்றாவது முறை கட்டு மாற்றப் போனபோது வழியில் எர்ணாவூரில் லாரிகள் அசையவில்லை. நான் முன்னால் உட்கார்ந்து கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வண்ணாரப்பேட்டைக்குக் கருவாட்டுக் கூடையோடு போகும் ஓர் அம்மாள் என் தோளைத் தட்டினார்.

“இன்னா பெர்சு, ஆயா தலை தொங்குது பாரு.”

“அவ அப்படித்தாம்மா. வண்டி ஏறினா தூங்கிடுவா” என்றேன், திரும்பாமலே.

“தூங்கறவ இப்டியா வேர்ப்பா? ஜாக்கெட்டே நனைஞ்சிகீது.”

திரும்பினேன். அவள் உதடு வெளுத்து, கண் பாதி மூடி, கை நடுங்கிக்கொண்டிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. டிரைவர் இறங்கி ஓடினார், ஓரத்து டீக்கடையிலிருந்து சர்க்கரையைக் காகிதத்தில் அள்ளி வந்தார். கருவாட்டுக்கார அம்மாள் அவள் தலையைத் தன் மடியில் சாய்த்து, விரலால் சர்க்கரையைக் கன்னத்துக்குள் தடவினார். “நாஷ்டா துன்னாளா இல்லியா?” என்று என்னைக் கேட்டார். “விரதம்” என்றேன். “நல்ல விரதம்” என்றார் அவர்.

லாரிகளுக்கு நடுவே டிரைவர் எப்படிப் புகுந்து ஓட்டினார் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் கண் திறந்தாள், என்னைத் தெரிந்துகொண்டாள், பிறகு தூங்கினாள். அது நிஜமான தூக்கம். சேதி கேட்டுப் புளியந்தோப்பிலிருந்து அவள் தங்கை வந்துவிட்டாள். அந்த நேரத்தில் டாக்டர் வந்து, ஏன் சாப்பிடாமல் மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் அம்மன் விரதம் என்று சொன்னேன். படித்தவன் வாயால் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு போனார்.

தங்கை என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“இன்னா விரதம் மாமா? பஸ் ஏறும்போது மட்டும் விரதம் கேக்கற அம்மன் எந்த ஊர்ல கீது?”

“அவ எப்பவும் அப்படித்தானே.”

“மாமா, அக்காவுக்குச் சின்ன வயசிலேர்ந்தே பஸ்ஸு ஆவாது. பேசின் பிரிட்ஜ் தாண்டமாட்டா, அதுக்குள்ள எடுத்துருவா. எங்கம்மா அவள எங்க கூட்டிகினு போனாலும் முந்தின நாள்லேர்ந்தே பட்டினி போட்டுத்தான் கூட்டிகினு போவும். வயித்துல இருந்தாத்தானே வரும்?” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். ஒரே கூரைக்குள்ள இருந்துகினு தெரியாதா?”

என் நெற்றியைத் தாங்கிய அந்த ஈரக் கை நினைவுக்கு வந்தது. வாந்தி வருவதற்கு முன் கை எப்படிச் சில்லிட்டு வேர்க்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருவருக்கும் அது வந்திருக்கிறது. நான் முந்திக்கொண்டேன். அதோடு, இந்த வீட்டில் அந்த நோய் யாருக்கு என்பது முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து, அவள் காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்து உட்கார்ந்ததும் கேட்டேன்.

“உனக்கும் பஸ் ஆகாதாமே?”

“தங்கச்சி ஒளறிட்டாளா?”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லி? ரெண்டு பேரும் எடுத்தா யாரு யாரப் புடிக்கிறது? நீங்க முன்னாடியே எடுத்துட்டீங்க.” அவள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். “வுடுங்க. பழகிருச்சி.”

இனிமேல் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றேன். அவள் சிரிப்பு நின்றது.

“அப்போ நான் போவல.”

“காலு?”

“போனா போட்டும். துன்னுட்டு ஏறினா நாலு பேரு முன்னாடி வாயில மூக்குல வந்து கலீஜாய்டும். இத்தினி வருஷம் ஒருத்தரு முன்னாடி எடுத்ததில்ல. கெழவியாயி அத்த வேற பண்ணுமா? வோணாங்க. என்னால ஆவாது.”

அவள் கோபத்தில் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாதத்தை இழப்பது அவளுக்குத் தாங்கக்கூடியதாகத் தெரிந்தது, பிறர் முன் வாந்தி எடுப்பது அப்படித் தெரியவில்லை. நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். முன் சீட்டில் உட்கார்ந்தால் பாதி குறையும், சாலையைப் பார்த்துக்கொண்டே போனால் இன்னும் குறையும், வந்தால்தான் என்ன, கவர் இருக்கிறது என்று எனக்கு மற்றவர்கள் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

“முன் சீட்டுல நான் குந்திகினா நீங்க?”

“பின்னாடி உக்காருவேன்.”

“நல்லா கீது. நான் முன்னாடி எடுக்க, நீங்க பின்னாடி எடுக்க. அந்தாளு வண்டிய கடல்ல எறக்கிருவான்.”

வாய்க்கு வந்த பொய் ஒன்று இருந்தது. வாந்தி நிற்க மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஆனால் அவள் சீட்டை வாங்கிக்கொண்டிருக்க மாட்டாள். மாத்திரை போட்டுக்கொண்டு நான் அவஸ்தைப்படுவதாக நினைத்து இரண்டே நாளில் திருப்பித் தந்திருப்பாள்.

“எனக்கு அது எப்பவோ நின்னுபோச்சு” என்றேன்.

“எது?”

“வாந்தி, மயக்கம் எல்லாம். ரொம்ப வருஷமா இல்ல.”

அவள் என்னைப் பார்த்தாள். “ரொம்ப வருஷம்னா?”

“பெரியவ காலேஜ் சேர்ந்தப்ப.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மனத்துக்குள் எதையோ கூட்டிக் கழிப்பது முகத்தில் தெரிந்தது. அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

“அப்போ எங்கம்மா படுத்துகினு இருந்தப்போ?”

“அப்பவும் இல்ல.”

“டிவியப் போடுங்க” என்றாள். போட்டேன். அதில் என்ன ஓடியது என்று இருவருக்கும் தெரியாது. அன்று மிச்சப் பொழுதும், மறுநாள் முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. நான் கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டாள், வைத்ததைச் சாப்பிட்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாள் கட்டு மாற்ற வேண்டிய நாள். காலையில் இட்லி அவித்துத் தட்டில் வைத்தேன். வர மாட்டாள் என்றே நினைத்தேன். அவளைக் கட்டாயப்படுத்த என்னிடம் வாய் இல்லை.

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு இழுத்துக்கொண்டு மூன்று இட்லியையும் சட்னி தொடாமல் சாப்பிட்டாள். மருந்து விழுங்குவதுபோல ஒவ்வொரு வாயையும் விழுங்கினாள். கை கழுவிவிட்டுச் சொன்னாள்.

“நீங்க பின்னாடி குந்துங்க. முதுகு காட்ற பலகையில. நெசமா பொய்யான்னு நான் பாக்கணும்.”

கால் ஆற வேண்டும் என்பதற்காக அவள் அன்று கிளம்பவில்லை. என்னைப் பார்ப்பதற்காகக் கிளம்பினாள்.

வண்டி வந்து நின்றது. நான் அவளைக் கைத்தாங்கலாக முன் பக்கம் அழைத்துப் போனதைப் பார்த்து டிரைவரின் முகம் மாறியது.

“இன்னா பெர்சு இது? ஆயா முன்னாடியா? நீ பின்னாடி எடுத்தின்னா இவங்க மேலெல்லாம் போவுமே.”

“எடுக்க மாட்டேன். நீ ஓட்டு” என்றேன்.

“இன்னா தெகிரியம்” என்றார் பின்னாலிருந்து கருவாட்டுக்கார அம்மாள். கூடையைத் தன் காலுக்கடியில் இழுத்துக்கொண்டு, ஒதுங்கி இடம் விட்டார். நான் அந்தப் பலகையில் உட்கார்ந்தேன். சாலை எனக்குப் பின்னோக்கி ஓடியது. லாரிகள், கரையில் குவித்த பாறைகள், அதற்கு அப்பால் கடல், எல்லாமே என்னைவிட்டு விலகிப் போயின. கருவாட்டு வாசனை, ஆலைப் புகை, டீசல். என் வயிறு அசையவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எர்ணாவூரில் நின்று நின்று போகும்போது திரும்பிப் பார்த்தேன், முன்னால் அவள் தோள் குலுங்கியது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். அவள் கதவைத் திறந்து, வெளியே குனிந்து, சாப்பிட்டதில் பாதியை எடுத்தாள். நான் இறங்கி ஓடிப்போய் அவள் நெற்றியைப் பிடிக்கக் கை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். கருவாட்டுக்கார அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், அதை வாங்கிக்கொண்டாள்.

“அடடா, ஆயாவுக்குமா?” என்றார் டிரைவர். “இத்தினி நாளா வாயத் தொறக்கல. இன்னா பெர்சு, நோவு உன்கிட்டேர்ந்து அதுக்குத் தாவிருச்சா? உனுக்கு இன்னிக்கி ஒன்னியும் ஆவல?”

பின்னால் சிரித்தார்கள். என் மனைவி வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான் மறுபடி பலகையில் ஏறி முன்பக்கம் திரும்பினேன். டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அவள் கண் என்னைத் தேடியது.

“ஆகலப்பா” என்றேன். “எனக்கு ரொம்ப வருஷமா ஆகறதில்ல. சொல்லாம இருந்தேன். அவளுக்குத்தான் எப்பவும்.”

சிரிப்பு நின்றுவிட்டது. “சர்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு டிரைவர் வண்டியை எடுத்தார். தெரு முழுக்க அன்று மாலைக்குள் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது. இப்போது கடைவீதியில் யாரும் என் உடம்பைப் பற்றி விசாரிப்பதில்லை.

வயிற்றில் மிஞ்சிய பாதி அவளுக்குப் போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை அளவு சரியாக இருந்தது. டாக்டர் கட்டைப் பிரித்து, புண் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை வருவதைக் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பலமுறை போய் வந்துவிட்டோம். இப்போது வாரம் ஒருமுறை போதும் என்கிறார் டாக்டர், பாதம் தங்கிவிடும் என்று சொல்லிவிட்டார். வீட்டில் என்னோடு பேசுகிறாள். கேஸ் சிலிண்டர், மகளின் போன், மழை பற்றி எல்லாம் பேசுகிறாள். தன் அம்மாவைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. கேட்டால், வர முடியாமல் இல்லை, வர மனம் இல்லாமல் இருந்தேன் என்று சொல்வேன். அதைவிட நல்ல பதிலை நான் தேடிப் பார்த்தேன், இல்லை.

ஒவ்வொரு முறையும் இட்லி சாப்பிட்டுவிட்டு முன் சீட்டில் ஏறுகிறாள். சில நாள் எர்ணாவூரில், சில நாள் டோல்கேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, எல்லோரும் பார்க்க வாந்தி எடுக்கிறாள். அதில் இப்போது அவளுக்குக் கூச்சம் இல்லை. எடுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்க்கிறாள். நானும் பலகையிலிருந்து தலையைத் திருப்பி அவளைப் பார்க்கிறேன், முகத்தை விலக்கிக்கொள்வதில்லை.